ஆட்டைக் கண்டால் காது கேட்காத நாய்க்குட்டி: கூப்பிட்டதும் வரப் பழக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: ஏழு மாதச் சிப்பிப்பாறை (வேட்டை நாய் இனம்) ஆண் குட்டி, பெயர் வீரன். வீடு ஊர்க் கடைசியில். பின்னால் தோட்டம், அதைத் தாண்டினால் மேய்ச்சல் காடு. வீட்டுக்குள் கூப்பிட்டால் பறந்து வருகிறான். வெளியே அவிழ்த்துவிட்டால், ஆடோ மயிலோ கண்ணில் பட்ட மறுநொடி ஆளைக் காணோம். அரை மணி நேரம் கழித்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தானாகத் திரும்புகிறான். “வந்ததும் நாலு போடு போடு, அடுத்த தடவை ஓட மாட்டான்” என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?

முதலில் மாமாவின் யோசனையை ஓரமாக வைத்துவிடுங்கள். இரக்கம் பார்த்து மட்டும் சொல்லவில்லை, அது வேலைக்கே ஆகாது. அடி விழும்போது, கடைசியாக என்ன செய்தோமோ அதற்குத்தான் விழுகிறது என்று நாய் முடிச்சுப் போடும். அரை மணிக்கு முன்னால் ஆட்டை விரட்டியது அந்தக் கணக்கிலேயே வராது. கடைசியாகச் செய்தது உங்களிடம் திரும்பி வந்தது. அதற்கு அடி வாங்கினால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆளிடம் கிட்டப் போகக் கூடாது. அப்புறம் பத்தடி தள்ளி நின்று வாலை ஆட்டுவான், கைக்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி வருவான், நீங்கள் ஓரடி வைத்தால் அவன் ஈரடி வைப்பான். அந்தக் காலத்து வேட்டை நாய்கள் எல்லாம் அடிக்குப் பயந்துதான் ஒழுங்காக இருந்தன என்று மாமா சொல்லக்கூடும். அவை பொழுது விடிந்து பொழுது சாயும்வரை ஆட்களோடு காட்டிலேயே திரிந்தவை. அந்தப் பழக்கம்தான் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் வருகிறவன் வெளியே வராமல் போனால் எல்லோரும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாய்க்கு ஓரிடத்தில் கற்றது மறு இடத்தில் தானாகச் செல்லுபடியாகாது. கூடத்தில் “வா” என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். வேலியோரத்தில், காற்றில் ஆட்டு வாடை வரும்போது, அதே சொல் அவனுக்குப் பாதி புதுசு.

வயதும் ஒரு காரணம். இரண்டு மூன்று மாதக் குட்டி காலைச் சுற்றிக்கொண்டே கிடக்கும், கூப்பிட வேண்டிய தேவையே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு ‘நம் நாய் நன்றாகப் பழகிவிட்டது’ என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் விடலைப் பருவம் வந்துவிடும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்து நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஐந்து மாதத்தில் சொன்னதும் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்கத் தயங்கின. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தத் தயக்கம் இல்லை! வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தணிந்துவிடும். அதுவரை விட்டுப்பிடிக்க வேண்டும், ஆனால் அவிழ்த்துவிட்டுப் பிடிக்கக் கூடாது.

அப்புறம் இனம். லாப்ரடார் சுட்ட பறவையை எடுத்துவந்து ஆள் கையில் கொடுப்பதற்காக உருவான நாய், அதனால் நொடிக்கொரு தரம் ஆளைத் திரும்பிப் பார்க்கும். சிப்பிப்பாறையும் கன்னி என்ற இனமும் கண்ணால் பார்த்து, தனியாக முடிவெடுத்து, ஆளை எங்கோ விட்டுவிட்டு ஓடி முயலைப் பிடிப்பதற்காக நம் தென்மாவட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தவை. திரும்பிப் பார்க்காமல் ஓடுவது அந்த இனத்தில் குறையே கிடையாது, நாம் கேட்டு வாங்கிய குணம். ஆகவே லாப்ரடார் வீடியோ பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் பலன் எதிர்பார்க்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். “வா” என்ற சொல் உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். உண்ணி எடுக்க “வீரா வா”. குளிப்பாட்ட “வா”. பூச்சி மருந்து புகட்ட “வா”. விருந்தாளி வந்தால் கட்டிப்போட “வா”. மைதானத்தில் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போது “வா” என்றால் ஆட்டம் முடிந்தது, செயின் மாட்டியாகிவிட்டது. இதற்கு நடுவே சோற்றுக்குக் கூப்பிடுவதும் அதே சொல்தான். ஆக அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் நின்று யோசிக்கிறான், நல்லதா கெட்டதா என்று. ஆளுக்கொரு விதமாகக் கூப்பிடுவது வேறு: அப்பா “வாடா”, பிள்ளைகள் “கம், கம்”, பாட்டி “தோ தோ தோ”. வராதபோது ஒரே மூச்சில் எட்டுத் தடவை கத்துகிறோம். எட்டாவது தடவைக்கு வந்தால் போதும் என்று நாமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

என்னைக் கேட்டால், நாயைப் பழக்குவது இதில் பாதிதான். அந்தச் சொல்லைக் கெட்டுப்போகாமல் வீட்டில் உள்ளவர்கள் காப்பாற்றுவது மறுபாதி, கடினமானதும் அதுவே. கசப்பான காரியம் எதற்கும் கூப்பிடாதீர்கள். குளிப்பாட்ட வேண்டுமா, நீங்களே எழுந்து போய்ப் பெல்ட்டைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். வர மாட்டான் என்று தெரிந்த நேரத்தில் வாயே திறக்காதீர்கள். கூப்பிட்டு வராமல் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லின் பலம் கொஞ்சம் தேய்கிறது.

உங்கள் வீட்டு “வா” ஏற்கெனவே தேய்ந்துவிட்டதால் அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். புதிதாக ஒன்றை ஆரம்பியுங்கள். வெளியிடத்துக்கு நான் சொல்வது விசில். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் விசில் போதும். இரண்டு குட்டை ஊதல், எப்போதும் அதே மாதிரி. விசிலில் கோபம் தெரியாது, பயம் தெரியாது, அப்பா ஊதினாலும் பிள்ளை ஊதினாலும் ஒன்றுதான், எதிர்க்காற்றிலும் கேட்கும். ‘மனிதர் காதுக்குக் கேட்காத நாய் விசில்’ என்று ஒன்றும் விற்கிறார்கள். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊதுகிற நமக்கே கேட்காவிட்டால் அது சரியாக ஒலித்ததா என்று எப்படித் தெரியும்? அந்தக் காசுக்குக் கோழி வாங்கலாம்.

கோழி என்றது சும்மா இல்லை. விசிலுக்கு நாய் பிஸ்கட் கொடுத்தால் பிஸ்கட் அளவுக்குத்தான் மதிப்பு. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, அவித்த முட்டை, எப்போதாவது கொஞ்சம் ஈரல். பட்டாணி அளவுக்குக் கிள்ளினால் போதும், நாய்க்கு அளவைவிட எண்ணிக்கைதான் பெரிது. ஈரல் அதிகமானால் வயிற்றால் போகும். கருவாட்டுக்கு உயிரை விடுவான், ஆனால் உப்பு அதிகம். வெந்த எலும்பு வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. கொடுக்கும் தீனியை ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் முக்கியம்: இந்தக் கோழி விசிலுக்கு மட்டும். சாப்பாட்டு மேசை ஓரமாக நின்று முகத்தைப் பார்க்கிறானே என்று யாரும் ஒரு துண்டு போடக் கூடாது. (பாட்டியிடம் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.)

முதல் வாரம் வீட்டுக்குள்தான். அவன் பக்கத்தில் இருக்கும்போதே மெதுவாக ஊதுங்கள், ஊதி முடித்த மறுவிநாடி வாயில் கோழி. வர வேண்டும், உட்கார வேண்டும் என்று எதுவும் கேட்காதீர்கள். சத்தம், உடனே கோழி. அவ்வளவுதான். வரிசை மாறக் கூடாது. கோழியைக் காட்டிவிட்டு ஊதினால் அவன் பார்ப்பது கையைத்தான், விசில் காதில் ஏறாது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் ஆய்வுக்கூடத்தில் நாய்களை வைத்துக் காட்டியதும் இந்த வரிசையைத்தான். நாலைந்து நாளில், ஊதிய உடனே தலையை வெட்டித் திருப்பி உங்களைப் பார்ப்பான். அது வந்துவிட்டால் அடுத்த அறையிலிருந்து ஊதலாம், பிறகு மொட்டை மாடி, பிறகு வாசல்.

வந்தபின் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பலர் சறுக்குவது இந்தக் கடைசி ஓரடியில்தான். நாய் ஓடி வருகிறது, ஆள் குனிந்து, இரண்டு கையையும் அதன் தலைக்கு மேலாக நீட்டிப் பெல்ட்டைப் பிடிக்கப் பாய்கிறார். தலைக்கு மேல் வரும் கையைக் கண்டால் நாய் பின்வாங்கும், சிப்பிப்பாறை மாதிரிக் கூச்சமுள்ள நாய் இன்னும் அதிகமாகவே. அதனால் நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். வலது கையில் தீனி, அதை உங்கள் முழங்காலை ஒட்டியே வைத்துக்கொடுங்கள். கையை அவன் பக்கம் நீட்டினால் அவன் தூரத்தில் நின்றே வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவன் மெல்லும்போது இடது கை தாடைக்குக் கீழாகப் போய்ப் பெல்ட்டைத் தொடட்டும். தொட்டதும் இன்னொரு துண்டு. பிறகு கையை எடுத்துவிட்டு “போ” என்று அனுப்பிவிடுங்கள். பெல்ட்டைத் தொட்டால் கோழி வரும், கட்டிப்போட மாட்டார்கள் என்பது அவன் மனதில் படிய வேண்டும்.

அந்த “போ” சின்ன விஷயமில்லை. நாய்க்கு மிகவும் பிடித்த பரிசு பல நேரங்களில் கோழிகூட இல்லை, விட்ட இடத்துக்குத் திரும்பப் போகும் அனுமதிதான். அதிகம் பிடித்த காரியத்தைக் காட்டிக் குறைவாகப் பிடித்ததைச் செய்யவைக்கலாம் என்பதை டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் 1959-இல் கொள்கையாகவே எழுதினார். நம் அம்மாக்கள் அவருக்கு முன்பே ‘எழுதி முடி, விளையாடப் போ’ என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை கோழி கொடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் அந்தப் பத்தாவது தடவை எது என்று அவனுக்குத் தெரியக் கூடாது.

வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒரு நல்ல விளையாட்டு உண்டு. ஒருவர் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே கைகொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அவன் மூக்கருகே கோழியைக் காட்டிவிட்டு இருபதடி ஓடித் திரும்பி ஊத வேண்டும். பிடித்தவர் கையை எடுத்ததும் அம்பாகப் போவான். ஓடுகிறதைத் துரத்துவது அவன் ரத்தத்தில் இருக்கிறது, அதை நம் பக்கம் திருப்பிவிடுகிறோம். (முதல் கட்டத்தில் கோழியைக் காட்டாதே என்றீர்களே என்று கேட்பீர்கள். விசிலின் பொருள் பதிந்தபிறகு, ஓட்டத்தில் வேகம் ஏற்றத்தான் இது.) மாமாவையும் ஓடச் சொல்லுங்கள். கையில் கோழியோடு நிற்கும் மாமாவை வீரனுக்கு ரொம்பப் பிடித்துப்போகும்.

இனி கயிறு. அடுத்த சில மாதங்களுக்கு அவன் வேலி இல்லாத வெளியில் கயிறில்லாமல் போகவே கூடாது. இது தண்டனை இல்லை. அவன் தானாக ஓடி ஆட்டை விரட்டும் ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கிடைக்கும் சுகத்துக்கு முன்னால் உங்கள் கோழி ஒன்றுமே இல்லை. அந்தச் சுகம் கிடைக்கும் வழியை அடைத்தால்தான் விசிலுக்கு வாய்ப்பு. இரும்புக் கடையில் பத்து மீட்டர் கயிறும் ஒரு சுழல் கொக்கியும் வாங்குங்கள். வழுவழுப்பான மெல்லிய நைலான் வேண்டாம், இழுக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். விரல் தடிமனில் பருத்திக் கயிறு நல்லது. கொக்கியைக் கழுத்துப் பெல்ட்டில் மாட்டாதீர்கள், நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரண பெல்ட் இரண்டு உதறலில் கழன்றுவிடும். அதோடு, வேகமாக ஓடிக் கயிற்றின் நுனிக்கு வந்து சுண்டினால் கழுத்துக்கு ஆபத்து. வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் விநாடிக்கு 11 மீட்டர் ஆகிறது, அதாவது உங்கள் கயிறு முழுக்க ஒரே விநாடி. ஆகவே கயிறு தரையில் இழுபட, நீங்கள் அவன் பின்னாலேயே நடக்க வேண்டும். நின்ற இடத்தில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் உங்கள் விரலும் போகும்.

கயிறு இழுப்பதற்கு இல்லை. ஊதினீர்கள், வரவில்லை என்றால் மீன் பிடிப்பதுபோல இழுக்காதீர்கள். கயிற்றை மிதித்து அவனை மேலே போகவிடாமல் நிறுத்துங்கள், சத்தமில்லாமல் காத்திருங்கள். சலித்துப்போய் உங்களைத் திரும்பிப் பார்த்த நொடியில் எதிர்ப்பக்கமாக நாலடி ஓடி, வந்ததும் கொடுங்கள். அடுத்த முறை இன்னும் சுலபமான இடத்தில் ஊதுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து வரவில்லை என்றால் இடம் அவனுக்குக் கனமாகிவிட்டது என்று பொருள்.

இப்போது ஆட்டுக்கு வருவோம். கண்ணால் வேட்டையாடும் நாய் ஓடத் தொடங்கிவிட்டால், அதன் காதுக்கு விசில் மட்டுமல்ல, இடி விழுந்தாலும் கேட்காது. நமக்குக் கிடைக்கும் நேரம் ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு விநாடிதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் மூக்கு சட்டென்று நிற்கும். தலை உயரும், கழுத்து நீளும். பின்னால் மடிந்து கிடந்த காது நிமிரும். முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே நிற்கக்கூடும், வால் அசையாது, வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடுவதை நான் குறிப்பாகப் பார்ப்பேன். மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடினால் எதையோ கண்டுவிட்டது. அந்த நொடியில் ஊத வேண்டும், நீங்களும் உடனே மறுபக்கம் திரும்பி ஓட வேண்டும்.

இதற்கு ஆடு தேவை. பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் ஓடாமல் இருப்பது அவருக்கும் லாபம், மறுக்க மாட்டார். முதல் நாள் நூறு மீட்டருக்கு அப்பால், ஆடு வெறும் புள்ளியாகத் தெரியும் தூரத்தில். பார்க்கிறான், ஊதுகிறீர்கள், திரும்புகிறான், கைநிறையக் கோழி. ஒரு துண்டோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் பத்துத் துண்டு கொடுக்கலாம். நன்றாகத் திரும்பும்வரை தூரத்தைக் குறைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குள்ளும் மாலை வெயில் தாழ்ந்தும் வைத்துக்கொள்ளுங்கள், தார்ச்சாலையில் நம் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் பொறுக்காது. பத்து நிமிடம் போதும். அவனுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மயில், முயல் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில், மிக அதிகப் பாதுகாப்புக்கான முதல் அட்டவணையில் உள்ளது, விரட்டுவதும் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள் வருகிறது. ‘நாய்தானே ஓடியது’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பெல்ட் பற்றியும் யாராவது சொல்லத்தான் செய்வார்கள், இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. வேண்டாம். ஆட்டைப் பார்க்கும்போது வலி வந்தால் சில நாய்கள் ஆட்டைப் பார்த்தாலே வெறிகொள்ளும், சில நாய்கள் வெளியே வரவே பயப்படும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-லேயே தடைசெய்துவிட்டார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? அரை வருடம், ஒரு வருடம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். பலன் தெரிந்ததும் தீனியை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டாம், சில நேரம் ஒரு துண்டு, சில நேரம் ஐந்து, சில நேரம் வெறும் தட்டிக்கொடுத்தல் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அடியோடு நிறுத்தினால் விசிலும் வெறும் காற்றாகிவிடும். எவ்வளவு பழகினாலும் சில இடங்களில் அவிழ்க்கவே கூடாது: நெடுஞ்சாலைக்கு அருகில், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டத்தில், பன்றிக்காக மின்வேலி போடும் பகுதியில். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எங்கேயுமே வேண்டாம், ஒரு வெடிச் சத்தம் மாதக்கணக்கான பயிற்சியை ஊதித் தள்ளிவிடும். பெல்ட்டில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதியையும் எங்கேயாவது குறித்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் கயிறு நழுவி ஓடிவிட்டால் ஆளாளுக்குப் பெயரைக் கத்திக்கொண்டு நாலு திசையிலும் போகாதீர்கள், துரத்தவும் துரத்தாதீர்கள். இந்த வகை நாய்கள் பெரும்பாலும் ஓட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரும். ஒருவர் அங்கேயே இருக்கட்டும், இன்னொருவர் சாலைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். இருட்டிவிட்டால் அவன் படுக்கும் சாக்கையோ உங்கள் பழைய சட்டையையோ அங்கே போட்டு, ஒரு சட்டித் தண்ணீரும் வைத்துவிட்டு வாருங்கள், காலையில் அதன்மேல் படுத்திருக்க வாய்ப்பு உண்டு. வந்தவுடன் எழுந்து ஓடாதீர்கள். பக்கவாட்டில் குந்தி, கையில் இருப்பதைக் கொடுத்து, தாடைக்குக் கீழாகக் கைவிட்டுக் கொக்கியை மாட்டுங்கள். திட்ட வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். வீட்டுக்குப் போய் மாமாவிடம் திட்டிக்கொள்ளலாம்.